சட்டை உரித்த பின்னும் நிற்காத விசில்: ஒரு பந்து மலைப்பாம்பின் சுவாச நோய் பற்றிய நிகழ்வு ஆய்வு

நோயாளியும் பின்னணியும்

வளர்ப்போர் பலர் பால் பைத்தான் (ball python) என்று அழைக்கும் பந்து மலைப்பாம்பு இனத்தைச் சேர்ந்த ஆறு வயதுப் பெண் பாம்பு ஒன்று, மூச்சு விடும்போது மெல்லிய விசில் ஒலி கேட்பதாகவும், தொடர்ந்து மூன்று முறை இரை எடுக்க மறுத்துவிட்டதாகவும் கூறப்பட்டுப் பரிசோதனைக்குக் கொண்டுவரப்பட்டது. ஒலி முதன்முதலில் கேட்டது ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்கு முன். அந்த நாள்களில் பாம்பின் கண்கள் வெளிறி நீலம் பாரித்து, தோல் மங்கி, சட்டை உரிக்கும் நிலையில் இருந்ததால், உரிப்பு முடிந்ததும் ஒலி தானே நின்றுவிடும் என்று வளர்ப்பவர் எண்ணினார். அந்த எண்ணத்துக்குக் காரணம் இருந்தது. சட்டை உரிப்பதற்குச் சற்று முன் மூக்குத் துளையின் உட்புறத்தில் பழைய தோலும் புதிய தோலும் பிரியத் தொடங்குவதால் துளை குறுகும்; அப்போது நலமான பாம்பிடமும் சீழ்க்கை போன்ற ஒலி எழுவதுண்டு. ஆனால் இந்தப் பாம்பு முழுச் சட்டையையும், மூக்கு நுனி உட்பட, ஒரே துண்டாக உரித்துவிட்டது. அதன் பின்னும் ஒலி நீடித்ததுதான் இந்நிகழ்வின் முதல் தெளிவான எச்சரிக்கை. அந்த எச்சரிக்கைக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் இடையில் இரண்டு வாரத்துக்கும் மேற்பட்ட காலம் கழிந்தது.

அந்த இடைவெளியில் மூன்று காரியங்கள் நடந்திருந்தன. காற்று வறண்டிருப்பதே ஒலிக்குக் காரணம் என்று கருதி, பாம்பு இருந்த பெட்டிக்குள் நாளுக்கு இருமுறை தண்ணீர் தெளிக்கப்பட்டது. தெளித்த ஈரம் வெளியேறாமலிருக்க, பெட்டியின் வலைமூடியில் பெரும்பகுதி நெகிழித் தாளால் மூடப்பட்டது. வேறொரு வளர்ப்பு விலங்குக்கு வாங்கி மீந்திருந்த ஆன்டிபயாட்டிக் திரவம் சில துளிகள் பாம்பின் வாயில் விடப்பட்டன. நல்லெண்ணத்துடன் செய்யப்பட்ட இம்மூன்றுமே நோயை வளர்க்கக்கூடியவை. அதற்கான காரணங்கள் பின்னர் வருகின்றன.

பெட்டியைப் பற்றிய விவரங்களை நாங்கள் நோயாளியின் உடலுக்கு நிகரான கவனத்துடன் கேட்டறிந்தோம். பாம்பு தன் உடல்வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் உயிர் அன்று. அது வாழும் பெட்டியின் வெப்பமே அதன் செரிமானத்தின் வேகத்தையும் நோயெதிர்ப்பின் வலிமையையும் தீர்மானிக்கிறது. பந்து மலைப்பாம்புக்குச் சூடான பகுதி 31 முதல் 33 டிகிரி செல்சியசும், குளிர்ந்த பகுதி 25 முதல் 27 டிகிரியும் இருப்பது நலம். இங்கே வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் திரையில் 32 டிகிரி என்றே எப்போதும் காட்டியது. ஆனால் பாம்பு உண்மையில் படுத்திருந்த இடத்தைத் தனி வெப்பமானியால் அளந்து வரச் சொன்னபோது, பகலில் 26 டிகிரியும் இரவில் 22 டிகிரியும்தான் இருந்தன. தெர்மோஸ்டாட்டின் உணரி முனை, சூடேற்றும் விரிப்பான ஹீட்டிங் மேட்டின்மேல் நேரடியாக ஒட்டிக்கொண்டு, அதன் மேலே தடித்த படுகைப் பொருளின் அடியில் புதைந்திருந்தது. மேட் 32 டிகிரியை எட்டியவுடன் கருவி மின்சாரத்தை நிறுத்தியது. அந்த வெப்பம் படுகையைக் கடந்து மேலே வந்து சேரவில்லை. கருவி பழுதாகவில்லை. அது அளந்த இடம்தான் தவறானது.

இன்னொரு செய்தி, கேட்ட பிறகே வெளிவந்தது. மூன்று மாதங்களுக்கு முன் அதே இனத்தைச் சேர்ந்த மற்றொரு பாம்பு வாங்கப்பட்டிருந்தது. அது இரண்டு வாரம் தனிப்பெட்டியில் வைக்கப்பட்டது. ஆனால் அந்தப் பெட்டி அதே அறையில், அதே அடுக்கில் இருந்தது. இரண்டுக்கும் ஒரே இடுக்கியால் இரை கொடுக்கப்பட்டது. தண்ணீர்க் கிண்ணங்கள் ஒன்றாகவே கழுவப்பட்டன. புதிய பாம்பு நன்றாக இரை எடுத்தது. அதனிடம் நோய்க்குறி எதுவும் தென்படவில்லை. அறையில் மூன்றாவதாக ஒரு சோளப் பாம்பும் இருந்தது.

பரிசோதனையில் கண்டவை

எடை 1,390 கிராம். வளர்ப்பவர் மாதந்தோறும் எடை குறித்து வைத்திருந்தது இந்நிகழ்வில் பெரிதும் உதவியது. நான்கு மாதங்களுக்கு முன் இருந்த 1,620 கிராமுடன் ஒப்பிட்டால் 14 விழுக்காடு குறைந்திருந்தது. பந்து மலைப்பாம்புகள், குறிப்பாக முதிர்ந்தவை, பருவத்தையொட்டிச் சில மாதங்கள் இரையை மறுப்பது வழக்கம். ஆனால் நலமான பாம்பு அவ்வாறு மறுக்கும் காலத்தில் எடை பெரிதாகக் குறைவதில்லை. எனவே பட்டினி நோயால் வந்ததா, பருவத்தால் வந்ததா என்பதைப் பிரித்தறிய எடைக்குறிப்பைவிட எளிய கருவி வளர்ப்பவரின் கையில் இல்லை என்றே கருதுகிறேன்.

பாம்பு தலையையும் கழுத்தையும் சற்று உயர்த்தியே வைத்திருந்தது. மேசைமேல் விட்டபோதும் பெட்டியின் சுவரில் கழுத்தைச் சாய்த்து முகத்தை மேல்நோக்கி நிறுத்தியது. நீர் கோத்த மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கப் பாம்பு மேற்கொள்ளும் நிலை அது. நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்ட பாம்பும் தலையை மேலே தூக்கும். ஆனால் அத்தகைய பாம்பைப் புரட்டிப் போட்டால் தன்னை நிமிர்த்திக்கொள்ளத் தடுமாறும், நாக்கு நீட்டும் திசையும் தலை செல்லும் திசையும் இசையாமல் போகும். இந்தப் பாம்பு உடனே நிமிர்ந்தது. நாக்கின் இயக்கமும் சீராக இருந்தது. தொண்டையின் அடிப்பகுதி ஒவ்வொரு மூச்சுக்கும் வெளிப்படையாக உப்பி அடங்கியது. நலமான பாம்பு அமைதியாக இருக்கும்போது சில மூச்சுகள் விட்டபின் நீண்ட இடைவெளி விடும். இங்கே அந்த இடைவெளி ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தது.

வாயைத் திறந்து பார்த்தபோது உட்சவ்வு இளஞ்சிவப்பாக இல்லாமல் பரவலாகச் சிவந்திருந்தது. வாயின் தரையில், நாக்குறைக்கு மேலே திறக்கும் மூச்சுக்குழல் வாயைச் சுற்றித் தெளிந்த, இழுத்தால் நூலாக நீளும் சளி நின்றது. ஒவ்வொரு வெளிமூச்சிலும் அதில் சிறு குமிழிகள் எழுந்தன. ஈறுகளில் புண்ணோ சீழோ இல்லை. ஆகவே வாய்ப்புண்ணிலிருந்து கீழிறங்கிய தொற்று என்ற ஐயம் வலுவிழந்தது. செதில்களின் இடுக்கிலும் கண்ணோரத்திலும் பாம்பு உண்ணிகள் தேடப்பட்டன, கிடைக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு விளக்கம் தேவை. வாய் திறப்பதெல்லாம் நோய் அன்று. இரை விழுங்கியபின் தாடைகளைச் சரிசெய்யப் பாம்பு அகல வாய் திறந்து மூடும், தண்ணீர் குடித்த உடன் மூக்கோரத்தில் ஒரு குமிழி தோன்றலாம், அச்சுறுத்தப்பட்டால் சீறும். இவை ஒருமுறை வந்து போகின்றவை. அமைதியாகக் கிடக்கும் பாம்பு வாயைச் சற்றே திறந்தபடி மூச்சு விடுவது, குமிழி திரும்பத் திரும்ப வருவது, சொடுக்குவது போன்ற ஒலி அல்லது ஈரமான கரகரப்பு கேட்பது, பெட்டியின் கண்ணாடியில் காய்ந்த சளித்தடம் படிந்திருப்பது ஆகியவற்றுக்குத்தான் பொருள் உண்டு. இவற்றுள் வாய் திறந்து மூச்சு விடுவது கடைசியில் வரும் குறி. அதைக் கண்ட நாளில் நோய் பழையதாகிவிட்டிருக்கும்.

பாம்பின் நுரையீரலில் நோய் ஏன் மறைந்து வளர்கிறது

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்த வளர்ப்பாளர் மற்ற எச்சரிக்கைகளைத் தானே உய்த்துணர்வார் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பாம்புக்கு உதரவிதானம் இல்லை. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் உடற்சுவர்த் தசைகளும் விரிந்து சுருங்குவதால்தான் காற்று உள்ளே வந்து வெளியே போகிறது. உதரவிதானம் இல்லாத உயிரால் நம்மைப் போல் வலுவாக இருமிச் சளியை வெளித்தள்ள முடியாது. மூச்சுக்குழலின் உட்பரப்பில் சளியை மேலேற்றும் நுண்மயிர்களின் பணியும் பாம்பில் வலுக்குறைந்தது. பெரும்பாலான பாம்புகளில் வலது நுரையீரல் மட்டுமே முழுமையாக இயங்கும். இடது சிறுத்தோ அறவே இல்லாமலோ இருக்கும். மலைப்பாம்புகளில் இரண்டும் உண்டு; ஆயினும் இடது சிறியது. நுரையீரலின் முன்பகுதி தேனடை போன்ற அறைகளுடன் இரத்தக்குழாய்கள் நிறைந்தது. அங்கேதான் வாயுப் பரிமாற்றம் நிகழ்கிறது. பின்பகுதி இரத்த ஓட்டம் மிகக் குறைந்த, மெல்லிய சுவர் கொண்ட காற்றுப்பை. முன்பகுதியில் ஊறும் சளி புவியீர்ப்பால் இந்தப் பையில் வடிந்து தேங்கும். தேங்கியதை இருமி வெளியேற்றவும் வழியில்லை. இரத்தம் வழியாகச் செல்லும் மருந்தும் அங்கே குறைவாகவே போய்ச் சேர்கிறது.

ஊர்வனவற்றின் சீழும் பாலூட்டிகளின் சீழைப் போன்றதன்று. பாலூட்டிகளில் நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுக்களின் நொதிகள் சீழைத் திரவமாக்குகின்றன. ஊர்வனவற்றில் அந்தப் பணியைச் செய்யும் ஹெட்டரோஃபில் அணுக்களில் அத்தகைய நொதித்திறன் குறைவு. எனவே சீழ் தயிர்க்கட்டி போல இறுகி, மூச்சுக்குழலை அடைக்கும் உருண்டையாக மாறக்கூடும். நோயின் தொடக்கத்தில் தெளிவாக இருந்த சளி நாள்பட நாள்பட இறுகுவது இதனால்தான். சிகிச்சை எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறதோ அவ்வளவு எளிதாக இருப்பதும் இதனால்தான்.

இத்துடன் பாம்பு ஆக்சிஜன் குறைவை நெடுநேரம் தாங்கும் உயிர். அதன் ஓய்வுநிலைத் தேவை மிகச் சிறிது. 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, போவா பாம்புகளின் உடலின் ஒரு பகுதியைப் பட்டையால் இறுக்கிக் கட்டியபோது அவை விலா இயக்கத்தை உடலின் வேறு பகுதிக்கு மாற்றிக்கொண்டு மூச்சு விட்டதைக் காட்டியது. இரையை இறுக்கும்போதும் பெரிய இரையை விழுங்கும்போதும் மூச்சு நிற்காமலிருக்க அமைந்த திறன் அது. நோயுற்ற காலத்தில் இதே திறன் ஒரு பகுதியின் இழப்பை வெளியில் தெரியாமல் மறைக்கவும் கூடும் என்பது என் கருத்து. ஓடவோ உழைக்கவோ தேவையில்லாமல் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும் பாம்பு, நுரையீரலில் கணிசமான பங்கை இழந்த பின்னும் நலமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆய்வுகளும் முதல் முடிவும்

எக்ஸ்ரே இரண்டு கோணங்களில் எடுக்கப்பட்டது. பாம்பை மேலிருந்து எடுத்த படத்தைவிட, இயல்பாகக் கிடக்கும் நிலையில் பக்கவாட்டில் கிடைக்கதிர் செலுத்தி எடுத்த படம் அதிகம் சொன்னது: வலது நுரையீரலின் அடிப்பகுதியில் திரவம் தேங்கிய கிடைக்கோடு தெளிவாகத் தெரிந்தது. சி.டி. ஸ்கேன் இதைவிட நுட்பமானது. வசதியுள்ள இடத்தில் அதையே முதலில் தேர்ந்தெடுக்கலாம்.

அடுத்து மூச்சுக்குழல் கழுவுநீர் எடுக்கப்பட்டது. தொற்று நீக்கிய மெல்லிய குழாயை மூச்சுக்குழல் வழியாக நுரையீரல் வரை செலுத்தி, உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிலிட்டர் என்ற அளவில், அதாவது ஏறத்தாழ 7 மில்லிலிட்டர், வெதுவெதுப்பான உப்புக்கரைசலை விட்டு, உடலை மெதுவாக உருட்டி, திரும்ப உறிஞ்சும் முறை இது. வாயிலிருந்து பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரியில் வாயில் இயல்பாக வாழும் பாக்டீரியாக்களே மிகுதியாக வளரும். அவற்றை நுரையீரல் நோய்க்குக் காரணமாகக் கொள்ள முடியாது. நுண்ணோக்கியின் கீழ் கழுவுநீரில் ஹெட்டரோஃபில் அணுக்களும், கிராம் நெகட்டிவ் கோல்வடிவ பாக்டீரியாக்களும் மிகுந்திருந்தன. நுரையீரல் புழுக்களின் முட்டையோ இளம்புழுவோ, பூஞ்சை இழைகளோ இல்லை. வளர்ப்புச் சோதனையில் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்னும் பாக்டீரியா வளர்ந்தது. அது செஃப்டாசிடிம், அமிக்காசின் ஆகிய ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்கியது, என்ரோஃப்ளாக்சசினுக்கு அடங்கவில்லை. வாயில் துளித்துளியாக விடப்பட்டிருந்த மருந்து இந்த என்ரோஃப்ளாக்சசின்தான். எதிர்ப்புத்திறன் அதனால்தான் வந்தது என்று ஒரு சோதனையைக் கொண்டு சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த மருந்து இந்தப் பாம்புக்கு எவ்வகையிலும் உதவியிருக்க முடியாது என்பது உறுதி. மூச்சுத்திணறும் பாம்பின் வாயில் திரவம் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கும் ஆபத்தும் உண்டு.

வாய்க்குழியிலும் மேலண்ணப் பிளவிலும் எடுத்த மாதிரிகள், பாம்புகளுக்குச் சுவாச நோய் தரும் செர்பென்டோவைரஸ், ஃபெர்லாவைரஸ் ஆகியவற்றுக்கான பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்பப்பட்டன. முடிவு வரச் சில நாள்கள் ஆகும் என்பதால், பாக்டீரியா நிமோனியா என்ற முதல் முடிவைக் கொண்டு சிகிச்சை தொடங்கியது.

சிகிச்சை

முதல் மருந்து வெப்பம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், வெப்பத்தைச் சரிசெய்யாமல் போடும் ஊசியின் பயன் மிகக் குறைந்துவிடும் என்பதுதான். பாம்பின் நோயெதிர்ப்பு அணுக்களின் செயலும், மருந்து உடலில் பரவி வெளியேறும் வேகமும் உடல்வெப்பத்தைச் சார்ந்தவை. ஊர்வனவற்றுக்கான மருந்தளவுகள் அந்தந்த இனத்துக்கு உகந்த வெப்பத்தில் வைத்துக் கணிக்கப்பட்டவை. சூடான பகுதி 32 டிகிரிக்கும், இரவு வெப்பம் எந்த இடத்திலும் 28 டிகிரிக்குக் குறையாமலும் மாற்றப்பட்டது. படுகை நீக்கப்பட்டு, நாள்தோறும் மாற்றக்கூடிய வெற்றுத்தாள் விரிக்கப்பட்டது; சளித்தடம் இருந்தால் அதில் உடனே தெரியும். மூடியிலிருந்த நெகிழித் தாள் அகற்றப்பட்டது.

செஃப்டாசிடிம் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற அளவில், 72 மணி நேரத்துக்கு ஒருமுறை, உடலின் முன்பகுதித் தசையில் செலுத்தப்பட்டது. பாம்பின் பின்னுடலிலிருந்து வரும் சிரை இரத்தம் இதயத்தை அடையும் முன் சிறுநீரகங்கள் வழியாகச் செல்லக்கூடும் என்பதால், சிறுநீரகத்தைப் பாதிக்கும் மருந்துகளையும் சிறுநீரகம் வழியே விரைவாக வெளியேறும் மருந்துகளையும் முன்பகுதியில் போடுவதே மரபு. அமிக்காசினும் பலன் தரக்கூடியதாக இருந்தாலும், நீர்ச்சத்துக் குறைந்திருந்த இந்தப் பாம்பின் சிறுநீரகங்களை அது பாதிக்கலாம் என்பதால் விலக்கினோம். நீர்ச்சத்தை ஈடுகட்டத் தோலடியில் திரவம் செலுத்தப்பட்டது. இரத்தம் எட்டாத காற்றுப்பைக்கு ஈரத்தைக் கொண்டுசேர்க்க, நாளுக்கு இருமுறை நெபுலைசர் மூலம் உப்புக்கரைசல் ஆவி கொடுக்கப்பட்டது. மூச்சுத்திணறல் அடங்கும் வரை இரை கொடுக்கக் கூடாது என்று சொல்லப்பட்டது. வயிறு நிறைந்தால் நுரையீரல் விரிய இடம் குறையும், மூச்சிரைக்கும் பாம்பு இரையைக் கக்கிவிடவும் கூடும். எடை மேலும் குறைந்தால் குழாய் வழி உணவு பற்றி யோசிப்பதாக இருந்தோம். அதற்குத் தேவை ஏற்படவில்லை.

மருந்துகளின் பெயரும் அளவும் இங்கே சொல்லப்பட்டது மருத்துவர்கள் சிகிச்சையின் போக்கைப் புரிந்துகொள்வதற்காக. வளர்ப்புச் சோதனை இல்லாமல் இதே மருந்தை வேறொரு பாம்புக்குப் போடுவது, இந்நிகழ்வில் வாயில் விடப்பட்ட துளிகளின் கதையாகவே முடியும்.

ஒன்பதாம் நாளில் மூச்சுகளுக்கு இடையிலான இடைவெளி திரும்பியது. மூன்றாம் வாரத்தில் விசில் நின்றது. தலையை உயர்த்தி வைப்பதும் நின்றது. வாயின் சிவப்பு மட்டும் முழுதாக மறையவில்லை.

பி.சி.ஆர். முடிவும் மாறிய பொருளும்

சிகிச்சை பாதியில் இருந்தபோது சோதனை முடிவு வந்தது. ஃபெர்லாவைரஸ் இல்லை. செர்பென்டோவைரஸ் இருந்தது. உடனே மற்ற இரு பாம்புகளிடமும் மாதிரி எடுக்கப்பட்டது. மூன்று மாதங்களுக்கு முன் வந்த, நோய்க்குறியே இல்லாத புதிய பாம்பிடம் அதே வைரஸ் இருந்தது. சோளப் பாம்பிடம் இல்லை.

பாம்புகளின் சுவாச நோயை அண்மைக் காலம் வரை பெரும்பாலும் பாக்டீரியாவின் கணக்கிலேயே எழுதி வந்தோம். வைரஸ்களில் முதலில் அறியப்பட்டது, இன்று ஃபெர்லாவைரஸ் எனப்படும் பாராமிக்சோவைரஸ். 1970-களில் சுவிட்சர்லாந்தின் பாம்புப் பண்ணை ஒன்றில் ஃபெர் டி லான்ஸ் என்னும் விரியன் வகைகளிடையே பரவிய கொள்ளைநோயில் அது வெளிப்பட்டது. மலைப்பாம்புகளில் காரணம் விளங்காமல் வந்துகொண்டிருந்த நிமோனியாவுக்குப் பின்னால், இன்று செர்பென்டோவைரஸ் எனப்படும் நிடோவைரஸ் வகை ஒன்று இருப்பதை 2014-இல் வெவ்வேறு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. 2018-இல் வெளியான ஆய்வொன்றில், அந்த வைரசை வாய்வழியாகவும் மூச்சுக்குழல் வழியாகவும் பெற்ற நலமான பந்து மலைப்பாம்புகளுக்கு வாய்ச்சவ்வு சிவந்து, சளி பெருகி, மூச்சுத்திணறல் வந்தது. வைரஸ்தான் நோய்க்குக் காரணம் என்பது அதனால் உறுதிப்பட்டது. இந்தப் பாம்பின் வாயில் நாங்கள் கண்ட பரவலான சிவப்பும் நூலாக நீளும் சளியும் அந்த விவரிப்புடன் பொருந்துகின்றன. வைரசால் புண்பட்ட சவ்வில் சூடோமோனாஸ் பிற்பாடு குடியேறியிருக்கிறது என்றே நிகழ்வைப் புரிந்துகொள்கிறோம். குளிர்ந்த இரவுகளும் ஈரம் கட்டிய காற்றும் அதற்கு வழியைத் திறந்துவிட்டன.

இப்புரிதல் சிகிச்சையின் குறிக்கோளையே மாற்றியது. பாக்டீரியாவை மருந்து அடக்கும். செர்பென்டோவைரசை ஒழிக்கும் மருந்து இன்று இல்லை. தொற்றிய பாம்பு பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், வாய்ச்சளி வழியாக வைரசை வெளியிடக்கூடும். விசில் நின்றுவிட்டது என்பதால் பாம்பு பிற பாம்புகளுக்கு ஆபத்தற்றதாகிவிட்டது என்று பொருள் இல்லை. வளர்ப்பவரிடம் இதைச் சொன்னபோது கருணைக்கொலை வேண்டுமா என்று கேட்டார். பல மலைப்பாம்புகளை வைத்திருக்கும் சேகரிப்பில் அது பொருளுள்ள கேள்வி. இங்கே பாம்பு மூச்சுத்திணறலிலிருந்து மீண்டிருந்தது; வீட்டில் தனியறை இருந்தது; இனப்பெருக்கமோ விற்பனையோ எண்ணத்தில் இல்லை. எனவே அதைக் கொல்லத் தேவையில்லை என்று தயக்கமின்றிச் சொன்னோம். தொற்றுள்ள பாம்பை யாருக்கும் கொடுக்கக் கூடாது, யாருடைய பாம்புடனும் சேர்க்கக் கூடாது என்பதே நிபந்தனை.

தடுத்திருக்கக்கூடிய இடங்கள்

இந்நிகழ்வில் நோயைத் தடுத்திருக்கக்கூடிய இடங்களில் முதன்மையானது புதிய பாம்பு வந்த நாள். இரண்டு வாரத் தனிமை போதாது. 90 நாளாவது வேண்டும். அந்தத் தனிமை வேறு அறையில், வேறு காற்றில், தனிக் கிண்ணம், தனி இடுக்கி, தனித் துணி ஆகியவற்றுடன் இருந்தால்தான் அதற்குப் பெயர் தனிமை. நாள்தோறும் பழைய பாம்புகளை முதலில் கவனித்துவிட்டு, புதியதைக் கடைசியில் கவனிக்க வேண்டும்; பின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். இந்த வைரஸ்களுக்குக் கொழுப்பு உறை உண்டு என்பதால் சோப்பும் பொதுவான கிருமிநாசினிகளும் அவற்றை அழிக்கும். ஆனால் அழுக்கின்மேல் ஊற்றிய கிருமிநாசினி வேலை செய்யாது, முதலில் கழுவித் துடைத்து, பின் மருந்து சில நிமிடங்கள் ஈரமாக நிற்கும்படி விட வேண்டும். தனிமைக் காலத்தின் தொடக்கத்தில் ஒன்றும் முடிவில் ஒன்றுமாக இரு பி.சி.ஆர். சோதனைகள் செய்வது நல்லது. இந்தப் புதிய பாம்பைப் போல நோய்க்குறியின்றி வைரசைச் சுமக்கும் பாம்பைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது. பாம்பு உண்ணிகளையும் இக்காலத்தில் தேட வேண்டும். இரத்தம் குடிக்கும் அந்தச் சிற்றுயிர் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு ஊர்ந்து சென்று தொற்றைக் கடத்தக்கூடியது.

அடுத்தது வெப்பம். தெர்மோஸ்டாட்டின் திரையை நம்பாமல், பாம்பு படுக்கும் பரப்பில் தனி வெப்பமானியை வைத்து, பகலின் உச்சத்தையும் இரவின் அடியையும் பதிவுசெய்யும் வகையில் அளக்க வேண்டும். நோய்கள் பெரும்பாலும் இரவின் அடியில் தொடங்குகின்றன; அளப்பவர்களோ பெரும்பாலும் பகலில் அளக்கிறார்கள். உணரி முனையை அதன் இடத்தில் அசையாமல் பொருத்த வேண்டும். அது மேட்டை விட்டு விலகிக் குளிர்ந்த பகுதியில் விழுந்தால் கருவி ஓயாமல் சூடேற்றிப் பாம்பைச் சுட்டுவிடும். மேட்டின்மேலேயே ஒட்டிக்கொண்டால் இந்நிகழ்வில் நடந்தது போலப் பாம்பு குளிரில் கிடக்கும்.

ஈரப்பதம் பற்றிய குழப்பம் இவ்விரண்டையும்விடப் பரவலானது. பந்து மலைப்பாம்புக்கு 50 முதல் 60 விழுக்காடும், சட்டை உரிக்கும் காலத்தில் அதைவிடச் சற்று அதிகமும் ஈரப்பதம் தேவைதான். வறண்ட காற்று மூச்சுப்பாதையின் சவ்வை உலர்த்தி நோய்க்கு இடம் கொடுக்கும். ஆனால் தேவைப்படுவது காற்றின் ஈரம், படுகையின் ஈரம் அன்று. வெதுவெதுப்பான, காற்றோட்டமுள்ள பெட்டியில் 60 விழுக்காடு நலம் தரும். குளிர்ந்து மூடிய பெட்டியில் 90 விழுக்காடு பாக்டீரியாவையும் பூஞ்சையையும் வளர்க்கும். விசில் கேட்டவுடன் தண்ணீர் தெளிப்பது என்ற வழக்கத்தை வளர்ப்போர் கைவிட வேண்டும் என்று வேண்டுகிறேன். பெரிய தண்ணீர்க் கிண்ணத்தைச் சூடான பகுதிக்கு அருகில் நகர்த்துவதும், உரிப்புக் காலத்தில் ஈரப்பாசி வைத்த மறைவிடம் ஒன்று கொடுப்பதும் காற்றோட்டத்தைக் கெடுக்காமல் ஈரத்தைத் தரும். படுகையாகத் தூசி பறக்கும் மரத்தூளும், எண்ணெய் மணம் வீசும் சிடார், பைன் சீவல்களும் ஆகா. அவற்றின் ஆவி சவ்வை எரிச்சலூட்டும். பெட்டி இருக்கும் அறையில் புகை, வாசனைத் தெளிப்பான், கொசுவிரட்டி ஆகியவற்றையும் தவிர்க்க வேண்டும்.

கடைசியாக, கவனிப்பு. மாதம் ஒருமுறை எடை. வாரம் ஒருமுறை, பாம்பைக் கையாளாமல், அது அமைதியாகக் கிடக்கும்போது சில நிமிடங்கள் மூச்சைக் கேட்பது. ஒலி கேட்டால் கைப்பேசியில் பதிந்து வைப்பது மருத்துவருக்கு மிகவும் உதவும், ஏனெனில் பரிசோதனை மேசையில் அச்சத்தால் சீறும் பாம்பிடம் அந்த மெல்லிய ஒலி அடங்கிப்போகும். சட்டை உரிப்புடன் சேர்ந்து வந்த விசில், முழுமையாக உரிந்து ஒரு வாரம் ஆகியும் இருந்தால் காத்திருக்கக் கூடாது. திறந்த வாய் மூச்சு, குமிழிகள், கட்டிச்சளி ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். போகும் வழியிலும் பாம்பைக் குளிரவிடக் கூடாது.

தொடர்நிலை

ஐந்து வாரச் சிகிச்சைக்குப் பின் எடுத்த எக்ஸ்ரேயில் திரவக்கோடு இல்லை. இரண்டாவது கழுவுநீரில் சூடோமோனாஸ் வளரவில்லை. அதன்பின் மருந்து நிறுத்தப்பட்டது. ஏழாம் வாரத்தில் பாம்பு வழக்கமான அளவில் பாதியளவுள்ள இரையை எடுத்தது. நான்கு மாதம் கழித்து எடை 1,540 கிராம். அப்போது எடுத்த வாய் மாதிரியில் செர்பென்டோவைரஸ் இன்னும் இருந்தது. புதிய பாம்பிடமும் இருந்தது. அதற்கு அதுவரை நோய்க்குறி எதுவும் வரவில்லை. இரண்டும் இப்போது வேறு அறையில் தனித்தனிப் பெட்டிகளில் வளர்கின்றன. சோளப் பாம்பு இரண்டாவது சோதனையிலும் வைரஸ் அற்றதாகவே இருந்தது. அதற்கான இடுக்கியும் கிண்ணமும் நிறத்தால் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. மூன்று பாம்புகளுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.சி.ஆர். சோதனை தொடர்கிறது, தொடர்ந்து பல சோதனைகளில் வைரஸ் தென்படாமல் போனாலன்றி முதலிரண்டு பாம்புகளின் தனிமை தளர்த்தப்படாது.